பத்தாவது தலை

சலூன்காரர் செய்த பெரிய தப்பு, கடவுளிடம் சொல்ல வேண்டியதை வாய்விட்டுச் சொன்னது. மனசுக்குள் சொல்லியிருந்தால் விஷயம் அவருக்கும் கடவுளுக்கும் நடுவில் இருந்திருக்கும். இரண்டு பேரும் பேசித் தீர்த்துக்கொண்டிருப்பார்கள். வாய்விட்டுச் சொன்னதால் மூன்றாவதாக ஒரு காதிலும் விழுந்துவிட்டது. அது அவர் மனைவியின் காது. அந்தக் காதில் விழுந்த எதுவும் இதுவரை காணாமல் போனதில்லை.

ஒருநாள் காலையில் எழுந்தவருக்கு வலது தோள்பட்டை பூட்டிக்கொண்டது. கை மார்பு வரை வரும். அதற்கு மேல் ஒரு அங்குலம் ஏறாது. வேறு வேலை பார்க்கிறவர் என்றால் எப்படியாவது சமாளித்துவிடலாம். முடி வெட்டுகிறவர் என்ன செய்வது? வாடிக்கைக்காரர் ஒருவரைக் கெஞ்சித் தரையில் உட்கார வைத்து வெட்டிப் பார்த்தார். பாதியில் அந்த மனிதருக்குக் கால் மரத்துப்போய், ஒரு பக்கம் குளிர்காலமும் மறுபக்கம் கோடைகாலமுமாக எழுந்து போனார். அன்றைக்குக் கடையைப் பூட்டியவர் நாலு மாதம் திறக்கவில்லை. எண்ணெய், ஒத்தடம், ஊசி, மாத்திரை எல்லாம் ஆயிற்று. தோள் அசையவில்லை.

நாலாவது மாதம் பிறந்ததும், ஒரு சாயங்காலம், சமையலறைக்கு வெளியே முழங்கால் போட்டார். சபையில் போதகர் தசமபாகம் பற்றிப் பேசாத மாதம் கிடையாது. வருவதில் பத்தில் ஒன்றைக் கடவுளுக்கு எடுத்து வைத்தால் வீட்டில் வைக்க இடம் போதாத அளவுக்கு ஆசீர்வாதம் வரும் என்பார். அந்த நினைப்பில் சலூன்காரர் ஆரம்பித்தார்.

"ஆண்டவரே, இந்தக் கை மட்டும் பழையபடி மேல போனா, என் கடைக்கு வர்ற பத்துத் தலையில ஒரு தலை உமக்கு. பத்தாவது ஆளுக்குக் காசே வாங்க மாட்டேன்."

உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மனைவி, "ஆமென்" என்றாள்.

மூன்றே வாரம். ஒரு காலையில் சோம்பல் முறித்தவருக்குக் கை தன்னால் தலைக்கு மேலே போயிற்று. நம்ப முடியாமல் மறுபடி தூக்கினார். பரணில் இருந்த இரும்புப் பெட்டியை இறக்கினார், ஏற்றினார், மறுபடி இறக்கினார். மனைவி கையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு அழுகை வந்துவிட்டது. பெட்டியின் மேல் தலையைச் சாய்த்து, "அப்பா, நன்றி, அப்பா, நன்றி" என்று கால் மணி நேரம் சொன்னார். அந்த நன்றியில் கலப்படம் கிடையாது. கலப்படம் எல்லாம் கடையைத் திறந்த பிறகு ஆரம்பித்தது.

திறந்து பார்த்தால், எதிர்ச்சாரியில் ஒரு புதுக்கடை முளைத்திருந்தது. கண்ணாடிக் கதவு. உள்ளே ஏசி. சுவரெல்லாம் விளக்கு. ஒரே மாதிரிக் கறுப்புச் சட்டை போட்ட இரண்டு இளைஞர்கள் ஆளுக்கொரு மெஷினோடு நின்றார்கள். நம்மவர் கடையில் இருந்தது ஒரு சுழல் நாற்காலி, ஒரு பெஞ்சு, ஒரு மின்விசிறி. அந்த மின்விசிறியும் காற்றை விடச் சத்தம்தான் அதிகம் தரும்.

முதல் நாள் பத்தாவதாக வந்தவர் உடற்பயிற்சிக் கூடத்தில் வேலை பார்க்கும் பயில்வான். தலைமுடி தோள் வரை. தாடி மார்பு வரை. போதாதற்கு, "அண்ணே, அப்படியே சாயமும் போட்டு விட்டுருங்க" என்றார். ஒன்றேகால் மணி நேரம். வேலை முடிந்து காசு வேண்டாம் என்றதும் பயில்வான் கையைப் பிடித்துக் குலுக்கினார். குணமான தோள் மறுபடி கழன்றுவிடுமோ என்று சலூன்காரர் பயந்தே போனார். எதிரே பார்த்தார். அந்த ஒன்றேகால் மணி நேரத்தில் கண்ணாடிக் கதவு ஆறு முறை திறந்து மூடியிருந்தது.

'இப்படியே போனா நாலு மாசம் பூட்டின கடையை நிரந்தரமா பூட்ட வேண்டியதுதான்' என்று தோன்றியது. கடவுளுக்குக் கொடுத்த வாக்கையும் மீறக் கூடாது, பயில்வான்களும் வரக் கூடாது. இதற்கு என்ன வழி என்று யோசித்துக்கொண்டு திரும்பியபோது, பெஞ்சில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த கணக்கு வாத்தியாரின் தலை பளபளத்தது.

கணக்கு வாத்தியார் பள்ளிக்கூடத்தை விட்டு ஓய்வு பெற்றவர். அடுத்த வீடு. காலையில் செய்தித்தாள் படிக்க வந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுவார். சாப்பிட்டுவிட்டு மறுபடி வருவார். உச்சந்தலையில் ஒரு முடி கிடையாது. இரண்டு காதுக்கும் பின்னால் வெள்ளையாக ஒரு கரை. அவ்வளவுதான் சொத்து. ஒன்றரை நிமிட வேலை.

மறுநாள் ஒன்பதாவது ஆள் நாற்காலியை விட்டு எழுந்ததும் சலூன்காரர் துண்டை உதறினார்.

"வாத்தியார் சார், வாங்க."

"நானா? இவங்கெல்லாம் எனக்கு முன்னாடி வந்தவங்களாச்சே தம்பி."

"பெரியவங்களைக் காக்க வெச்சா நல்லா இருக்குமா? வாங்க சார்."

"போன வாரம்தானே எதிர்க்கடையில வெட்டிக்கிட்டேன்?"

"வளர்ந்திருக்கு சார். பின்னாடி உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

ஒன்றரை நிமிடம். "காசு வேண்டாம் சார், நீங்கதான் இன்னிக்குப் பத்தாவது ஆள். ஆண்டவருக்கு நேர்ந்துக்கிட்டது." வாத்தியார் நெகிழ்ந்து போனார். சலூன்காரர் அதைவிட நெகிழ்ந்து போனார்.

அதன் பிறகு தினமும் இதே கதை. பெஞ்சில் யார் இருந்தாலும், எந்த நேரமானாலும், பத்தாவது தலை வாத்தியார் தலைதான். ஐந்தாம் நாள் கரை மெலிந்தது. எட்டாம் நாள் இடது பக்கம் தீர்ந்தது. பத்தாம் நாள் வலது பக்கமும் போய், மனிதர் முகம் எது தலை எது என்று தெரியாமல் ஆனார். அதற்கும் சலூன்காரர் அசரவில்லை. போர்வையைப் போர்த்தி, தண்ணீர் தெளித்து, சீப்பை வெறுங்காற்றில் இழுத்து, கத்தரியை 'கிச் கிச்' என்று சத்தம் போட வைத்து, பவுடர் அடித்து, பின்னால் கண்ணாடியும் பிடித்துக் காட்டினார்.

"போதுமா சார்? இன்னும் கொஞ்சம் குறைக்கட்டுமா?"

"இந்த அளவு போதும் தம்பி."

வீட்டில் மனைவி தினமும் சாயங்காலம் ஒரு கேள்வி கேட்பாள்.

"இன்னிக்குப் பத்தாவது ஆளுக்கு வெட்டினீங்களா?"

"இருந்ததை வெட்டினேன்."

"காசு வாங்கலையே?"

"சீச்சீ. அவரா குடுத்தாக்கூட வாங்க மாட்டேன்."

ஒரு வார்த்தை பொய் இல்லை. அதனால் சலூன்காரருக்குத் தூக்கமும் நன்றாக வந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம். கடவுள் தங்களுக்குச் செய்த நன்மையை எழுந்து சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம் என்றார் போதகர். ஆண்கள் வரிசையில் கணக்கு வாத்தியார் எழுந்தார். மேலே விளக்கு. தலை ஜொலித்தது.

"சபையாரே, நான் நாற்பது வருஷம் கணக்குச் சொல்லிக் குடுத்தவன். எதையும் கணக்குப் போடாம நம்ப மாட்டேன். நம்ம சலூன்காரத் தம்பி பத்துல ஒரு தலையை ஆண்டவருக்குன்னு நேர்ந்துக்கிட்டார். அந்தப் பத்தாவது ஆளா பதினெட்டு நாள் தொடர்ந்து நானே வந்தேன்!"

"அல்லேலூயா" என்றார் யாரோ.

"ஒரு ஆள் தினமும் பத்தாவதா வர்றதுக்கு நிகழ்தகவு என்னன்னு நேத்து உக்காந்து போட்டுப் பார்த்தேன். நாலு தாள் முடிஞ்சுபோச்சு. விடை வரலை. இது கணக்கு இல்லை. அற்புதம்!" வாத்தியார் தன் தலையைத் தடவிக்கொண்டார். "என்னை மாதிரி ஒரு முடிகூட இல்லாதவனையும் ஆண்டவர் தினமும் நினைச்சுப் பாக்கறார்."

சபை முழுவதும் ஸ்தோத்திரம் முழங்கியது. போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெண்கள் வரிசையில் ஒரே ஒரு தலை மட்டும் மெதுவாகத் திரும்பியது. சலூன்காரர் பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார்.

"சகோதரரே, நீங்களும் ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றார் போதகர்.

"எல்லாம்... எல்லாம் அவர் செயல்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

வீட்டில் மனைவி சாப்பாடு போட்டாள். கத்தவில்லை. பாத்திரம் கூட இடிபடவில்லை. சலூன்காரருக்கு அதுதான் பயமாக இருந்தது.

"வாத்தியார் சாட்சி ரொம்ப நல்லா இருந்துச்சுங்க."

"ஆமாமா."

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம். முடி இல்லாத தலையில பதினெட்டு நாளா எதை வெட்டினீங்க?"

"பத்துல ஒரு தலைன்னுதானே நான் வாக்குக் குடுத்தேன்? முடின்னு சொல்லலையே."

"நீங்களும் கையை மட்டும்தான் கேட்டீங்க. தோளைத் தூக்கி விட்டுட்டு, விரலைப் பூட்டி வெச்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? கணக்குப் பாக்காம முழுசா குடுத்தாரே."

சலூன்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு உள்ளே இருந்ததைக் கொட்டிவிட்டார்.

"பயமா இருக்கும்மா. எதிர்ல பாரு, கண்ணாடிக் கதவு, குளுகுளுன்னு ஏசி. வர்றதே பன்னெண்டு, பதிமூணு பேர். அதுல ஒண்ணை விட்டா நாளைக்கு நாம எதைத் திங்கறது?"

"நாலு மாசம் பத்துல பத்துமே இல்லையே. பட்டினி கிடந்தோமா?"

"நீ தைச்சே. சாப்பிட்டோம்."

"நான் தைச்சேன். சரி. துணி எங்கேர்ந்து வந்துச்சு? மாசம் ரெண்டு ஜாக்கெட்டு வர்ற வீட்டுக்கு, அந்த நாலு மாசம் மட்டும் மூட்டை மூட்டையா வந்துச்சே, நான் போய்க் கூவினேனா?"

யோசித்தால் அவருக்கே ஆச்சரியமாகத்தான் இருந்தது. அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நாளைக்கு நானும் கடைக்கு வர்றேன்."

"நீ எதுக்கு?"

"சும்மாதான். உங்களுக்குக் கத்தரியில ரெண்டு கையும் போயிடுது. எண்ண ஒரு ஆள் வேணாமா?"

திங்கட்கிழமை காலையில் கடை வாசலில் ஒரு முக்காலி. அதில் சலூன்காரர் மனைவி. மடியில் ஒன்று முதல் வரிசையாக எண் எழுதிய அட்டைத் துண்டுகள். வருகிறவருக்கு வருகிற வரிசையில் ஒரு அட்டை. வாத்தியார் நாலாவதாக வந்தார். நாலாம் அட்டையை வாங்கிக்கொண்டு குழப்பத்தோடு உட்கார்ந்தார்.

"வாத்தியார் சார் பெரியவரு. அவரு கடைசியா..." என்று ஆரம்பித்தார் சலூன்காரர்.

"பெரியவரைக் காக்க வைக்கலாமாங்க?" என்றாள் மனைவி. இது தன்னுடைய வசனமாயிற்றே என்று அவருக்கு எரிச்சலாக வந்தது.

ஒன்பதாவது ஆள் நாற்காலியில் இருக்கும்போதே பத்தாவது ஆள் வாசலில் வந்து நின்றார். சலூன்காரர் கண்ணாடியில் பார்த்தார். மேலே முடி, கீழே தாடி, நடுவில் இரண்டு கண். பயில்வானாவது பரவாயில்லை. இது காடு.

"கரண்ட் போற மாதிரி இருக்கு. இன்னிக்கு இதோட சாத்திடலாமா?"

"கத்தரிக்கு எதுக்குங்க கரண்ட்?"

"இல்ல, எனக்கே முகத்துல நாலு நாள் முடி. பத்தாவது ஆளா நானே உக்காந்து எனக்குச் சவரம் பண்ணிக்கிறேன்."

"உங்க தலையை ஞானஸ்நானம் வாங்கின அன்னிக்கே அவருக்குக் குடுத்தாச்சு. அதை இன்னொரு தடவை குடுக்க முடியாது. வாங்கண்ணே, உக்காருங்க, பத்தாம் நம்பர் உங்களுதுதான்."

அந்த மனிதர் உட்காரவில்லை. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எவ்வளவு ஆகும்னு முதல்ல சொல்லிடுங்க. எதிர்க்கடையில கேட்டேன். நமக்குக் கட்டாது."

"பத்தாவது ஆளுக்குக் காசு இல்லை" என்றார் சலூன்காரர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஏன் இல்லை?"

"நேர்த்திக்கடன். உக்காருங்க."

சீப்பு முதல் சிக்கிலேயே நின்றது. தண்ணீர் தெளித்து, மெதுவாகப் பிரித்து, கத்தரியை உள்ளே விட்டார். கால் மணி நேரத்தில் காது இரண்டும் வெளியே தெரிந்தன. பிறகு அந்த மனிதரே ஆரம்பித்தார். மனைவி பெரியாஸ்பத்திரியில் ஐம்பது நாளாகப் படுத்திருக்கிறாள். இவர்தான் துணை. கட்டிலுக்குக் கீழே படுக்கை. குளிக்க நேரம் கிடைத்தால் குளிப்பார். முடியைப் பற்றி நினைக்கவே இல்லை.

"நேத்துதான் அவளுக்கு நல்லா நினைவு திரும்புச்சு. என்னைப் பார்த்து யாருன்னு கேட்டா. நான்தான்னு சொன்னேன். பயந்துபோய் முகத்தைத் திருப்பிக்கிட்டா. நாளைக்கு வீட்டுக்கு விடறாங்க. பயந்துக்கிட்டு வருவாளோன்னு நினைச்சேன்."

சலூன்காரர் கத்தரி நின்றது. மறுபடி ஓட ஆரம்பித்தபோது அது வேறு மாதிரி ஓடியது. முதன்முதலில் முடி வெட்டிய காலத்தில் இருந்த கவனம் வந்துவிட்டது. தாடியை இரண்டு முறை மழித்தார். கிருதாவை நேர்பார்த்து நேர்பார்த்துச் சரிசெய்தார். கல்யாணப் போட்டோவில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்டு, மீசையை அதே மாதிரி ஒதுக்கினார். ஒன்றரை மணி நேரம் கையைத் தூக்கியபடியே இருந்தார். தோள் ஒரு முறைகூட முணுமுணுக்கவில்லை.

போர்வையை எடுத்ததும் அந்த மனிதர் கண்ணாடியை வெகு நேரம் பார்த்தார்.

"இப்போ பயப்படமாட்டா" என்றார். "அங்க வார்டுல என்னை மாதிரி நிறைய பேருங்க. படுத்த படுக்கையா கிடக்கறவங்களுக்கெல்லாம் யார் வெட்டி விடுவா?"

கும்பிட்டுவிட்டுப் போனார். சலூன்காரர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். ஒரு முடி கண்ணில் விழுந்துவிட்டது என்று பெஞ்சுக்குச் சொன்னார். அன்றைக்கு மத்தியானம் கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, தன் சுழல் நாற்காலியின் முன்னால் முழங்கால் போட்டார். இந்த முறை மனசுக்குள்தான் சொன்னார். "ஏமாத்தப் பார்த்தேன். ஆனாலும் நீர் குடுத்த கையைத் திருப்பி எடுத்துக்கலை. நன்றி அப்பா." எழுந்தபோது நெஞ்சு லேசாக இருந்தது.

அடுத்து நடந்ததை அவர் எதிர்பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி மனிதர் போன இடத்தில் எல்லாம் சொல்லியிருக்கிறார். இந்த மீசையை யார் ஒதுக்கினது என்று கேட்டுக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். அன்றைய பத்தாவது ஆள் யார் என்று வேடிக்கை பார்க்கவே சிலர் வந்து, வந்ததற்கு முடியும் வெட்டிக்கொண்டு போனார்கள். பன்னிரண்டு தலை இருபது ஆயிற்று. இருபது முப்பது ஆயிற்று. பத்தாம் அட்டை, இருபதாம் அட்டை, முப்பதாம் அட்டை என்று ஒரு நாளைக்கு மூன்று தலை கடவுளுக்குப் போயின. மனைவி பக்கத்து வீட்டில் பெஞ்சு கேட்டாள். அதுவும் போதாமல் சபையில் இருந்து ஒன்று வந்தது. கடைசியில் எதிர்க்கடைக் கறுப்புச் சட்டைக்காரர்களே சாலையைக் கடந்து வந்து அட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"நீங்களுமா?" என்றார் சலூன்காரர்.

"எங்களுக்குள்ள வெட்டிக்கிட்டா சண்டை வருதுண்ணே."

வாத்தியாருக்கும் காதோரம் வெள்ளைக் கரை திரும்ப முளைத்தது. அவருக்கு மட்டும் ஒரு வருத்தம்.

"இப்போல்லாம் நான் பத்தாவதா வர்றதே இல்லையே தம்பி. ஆண்டவருக்கு என்மேல கோபமோ?"

"இல்ல சார். முடி வளர அவகாசம் குடுக்கறார்."

சலூன்காரருக்கு மனசு நிறைந்துவிட்டது. தினமும் கடையைத் திறக்கும்போது ஒரு நன்றி, சாத்தும்போது ஒரு நன்றி. நிறைந்த மனசு சும்மா இருக்குமா? இன்னும் பெரிதாக எதையாவது கொடுக்க வேண்டும் என்று துடித்தது. இந்த முறை மனைவி சொல்லித்தான் செய்தோம் என்று இருக்கக் கூடாது, தானே யோசித்து, தானே முடிவெடுத்து, அவளை அசர வைக்க வேண்டும் என்று நினைத்தார். ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், கடைசி ஆள் போனதும், அவள் துண்டுகளை மடித்துக்கொண்டிருக்கும்போது தொண்டையைக் கனைத்தார்.

"இந்தா, நான் ஒரு முடிவு எடுத்திருக்கேன்."

"சொல்லுங்க."

"பத்துல ஒரு தலை பத்தாது. பத்து நாள்ல ஒரு நாள் முழுசா அவருக்கு. அன்னிக்குக் கடை கிடையாது. கத்தரியை எடுத்துக்கிட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போறேன். வார்டுல படுத்திருக்கறவங்களுக்கெல்லாம் வெட்டி விடப்போறேன்."

சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வரும் என்று எதிர்பார்த்தார். அவள் துண்டை நாலாக மடித்து அடுக்கின் மேல் வைத்தாள்.

"எப்போலேர்ந்து?"

"அவசரம் என்ன? மெதுவா, அடுத்த மாசம், அங்க யார்கிட்டயாவது பேசி..."

"நாளைக்குங்க."

"என்ன நாளைக்கு?"

"நாளைக்குக் காலையில எட்டு மணி. ஆண்கள் வார்டு. பெரிய நர்ஸம்மாகிட்ட போன வாரமே போய்ப் பேர் குடுத்துட்டு வந்துட்டேன். நாப்பத்திமூணு பேர் தயாரா இருக்காங்க. உங்க இன்னொரு கத்தரியைச் சாணை பிடிச்சுப் பையில வெச்சாச்சு. காலையில சீக்கிரம் எழுந்திருங்க."

சலூன்காரர் தன் சுழல் நாற்காலியிலேயே பொத்தென்று உட்கார்ந்தார். நாற்காலி ஒரு சுற்றுச் சுற்றி அவரை மறுபடி மனைவியின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது.

"என்னை ஒரு வார்த்தை கேக்கலையே! நான் இப்போதானே முடிவே எடுத்தேன்? நான் ஒத்துக்காம போயிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

"அதெப்படி ஒத்துக்காம போவீங்க?" என்றாள் அவள், விளக்கை அணைத்துக்கொண்டே. "நீங்க ஒத்துக்கிட்டதுக்குத்தான் போன வாரமே நன்றி சொல்லி ஜெபம் பண்ணிட்டேனே!"